குந்த முடியுமா?

வேப்பனப்பள்ளியில் முழங்காலின் முன்னால் இருக்கும் அந்தச் சின்ன எலும்புக்கு மூன்று பெயர்கள். தமிழில் முட்டிச்சில்லு. தெலுங்கு பேசுகிறவர்களுக்கு மோகாலி சிப்ப. கன்னடத்தில் மண்டிச் சிப்பு. ஒரே தெருவில் மூன்றும் புழங்கும், ஒரே ஆள் சந்தையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் சொல்வார். மருத்துவர்கள் சொல்லும் பட்டெல்லாவுக்கு லத்தீனில் சின்னத் தட்டு என்று பொருள். சில்லு, சிப்பி, தட்டு என்று எல்லா மொழிக்காரர்களும் அதன் வடிவத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அது செய்யும் வேலையைப் பெயரில் வைத்தவர் யாருமில்லை. சொல்லப்போனால், அது என்ன வேலை செய்கிறது என்பதில் மருத்துவமே இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை தடுமாறிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு மாமா முறையாகும் ஒருவருக்கு அந்தச் சில்லு உடைந்தது. ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ராகி அறுப்புக் காலத்தில் தாளைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம், போகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போனவர் அந்தத் தாளில் வழுக்கி, மடங்கிய முட்டி தரையில் மோத விழுந்தார். (தாளைப் பரப்பியவர்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. முந்தின வாரம் அதே இடத்தில் அவரும் பரப்பியிருந்தார்.) அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் மாதம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லா கூடிடுச்சு, இனிமே நீங்க நார்மல்" என்றார். கம்பெனிக்குத் தேவையான தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"குந்த முடியுதா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னும் ஆவல."

டாக்டர், கம்பெனி, அம்மா. மூன்று தீர்ப்புகள். குணமாவது என்றால் என்ன, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டது. 'நோயாளிக்குத்தான்' என்று உடனே சொல்லிவிடலாம். அது அவ்வளவு எளிதில்லை என்பதற்கு இந்த எலும்பே நல்ல சாட்சி.

மற்ற எலும்புகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்கை எலும்பு முறிந்தால் நேராக வைத்து அசையாமல் கட்டினால் பெரும்பாலும் தானாகக் கூடும். முட்டிச்சில்லு குறுக்கே இரண்டாக உடைந்தால் அப்படியில்லை. அது தொடையின் முன்தசை முடியும் தசைநாருக்குள் பதிந்திருக்கும் எலும்பு. தசை மேல்துண்டை மேலே இழுக்கும், கீழ்த்துண்டு கணைக்கால் எலும்போடு கட்டுண்டு கீழேயே நிற்கும். நடுவில் இடைவெளி. அதில் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரும். எந்தத் தசை மனிதனை எழுந்து நிற்க வைக்கிறதோ அதுவேதான் முறிவைக் கூடவிடாமல் பிரித்து இழுக்கிறது. அந்தக் காலத்தில் காலை வாரக்கணக்கில் நீட்டிக் கட்டி வைப்பார்கள். பிறகு பலர் நொண்டி நொண்டிக் காலம் தள்ளுவார்கள்.

1877 அக்டோபரில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் ஒருவருடைய முட்டியைத் திறந்து, இரண்டு துண்டுகளையும் வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலை அன்று ஒரு தார்மிகச் சர்ச்சை. முட்டிச்சில்லு உடைந்து யாரும் சாவதில்லை, நொண்டுவார்கள், அவ்வளவுதான். மூட்டைத் திறந்தாலோ சீழ் பிடித்துக் காலையோ உயிரையோ இழக்கும் அபாயம் அன்றைக்கு நிஜமானது. நோயாளி இறந்தால் லிஸ்டர்மீது வழக்குப் போட வேண்டும் என்று சக மருத்துவர்கள் பேசிக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கார்பாலிக் அமிலத்தை நம்பி அவர் துணிந்தார், பிழைத்தது. அவருடைய துணிச்சலுக்கு அடியில் ஒரு மதிப்பீடு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நொண்டாமல் நடப்பது உயிர் அபாயத்துக்கு ஈடாகுமா? சுமை தூக்கிப் பிழைப்பவனுக்கு ஆகலாம், உட்கார்ந்து கணக்கு எழுதுபவனுக்கு ஆகாமலும் போகலாம். கால் ஒன்றுதான், விலை வேறு வேறு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1937இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ரால்ஃப் புரூக், முட்டிச்சில்லு தேவையற்ற எலும்பு, உடைந்தால் எடுத்துவிடலாம், எடுத்தபின் முட்டி இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது என்று எழுதினார். அதை நம்பி ஏராளமான சில்லுகள் அகற்றப்பட்டன. நோயாளிகள் நடந்தார்கள், காயம் ஆறியது, மருத்துவமனைப் பதிவேட்டில் எல்லோரும் குணமானவர்கள். 1971இல் ஹெர்பர்ட் காஃபர் அளந்து காட்டினார்: சில்லு ஒரு நெம்புகோல் ஏற்பாடு, தசைநாரை மூட்டின் அச்சிலிருந்து தள்ளி நிறுத்துகிறது, கால் முழுதாக நீளும் கட்டத்தில் நெம்பும் திறனில் ஏறக்குறைய முப்பது சதவீதம் அதன் பங்கு. சில்லை இழந்தவர் அதே வேலையைச் செய்யத் தசையை அந்த அளவுக்கு அதிகமாக இழுத்தாக வேண்டும். படியேறும்போது ஒரு கால் முன்போல இல்லை என்று உணர்ந்தவர்கள் அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளிலும் இருந்திருப்பார்கள். சொல்லியும் இருப்பார்கள். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இருந்திருக்காது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும், பயன்படுத்துகிறவர் மட்டும் "வேலை செய்யல" என்பார். நாம் எழுதிய சோதனைகளில் அவர் செய்யும் வேலை இருக்காது.

முட்டியைச் சோதிக்கும் அளவுகோல்களில் பலவற்றை எழுதியவர்கள் நாற்காலி நாகரிகத்துக்காரர்கள். சமதரையில் நடக்க முட்டி சுமார் 65 பாகை மடங்கினால் போதும். படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் தொண்ணூறு, அதற்குச் சற்று மேல். 120 வந்தால் சிறந்த பலன் என்று எழுதிவிடலாம். குந்துவதற்கு 130ஐத் தாண்ட வேண்டும், பாதம் தரையில் பதிய முழுதாகக் குந்தினால் அதற்கும் மேல். மாமாவுக்கு 115. புத்தகப்படி நல்ல மதிப்பெண். அவருடைய வீட்டில் கழிப்பறை தரையில் பதித்த பீங்கான், சாப்பாடு தரையில், தக்காளி பறிப்பதும் களை எடுப்பதும் குந்தி நகர்ந்து நகர்ந்து. ஊரில் எழவு விழுந்தால் தெருவில் குந்திக்கொள்ள வேண்டும். அங்கே நாற்காலி கேட்டு வாங்கி உட்காருபவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான். சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

"தரையில உட்காராதீங்க, வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சுக்கோங்க" என்பது எலும்பு மருத்துவர்கள் பலர் தரும் அறிவுரை. மருத்துவக் காரணம் சரியானதே. ஆழமாகக் குந்தும்போது சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையில் விழும் அழுத்தம் உடல் எடையின் பல மடங்கு, உடைந்து கூடிய எலும்பின் பின்பக்கக் குருத்தெலும்பு முன்போல வழவழப்பாக இருக்காது. ஆனால் அந்த அறிவுரை முட்டிக்குச் சொன்னதல்ல, வீட்டுக்குச் சொன்னது. கழிப்பறையை இடித்துக் கட்டு, கட்டில் வாங்கு, அடுப்பை மேடையேற்று, தக்காளியை விட்டுவிடு. ஒரு எலும்புக்காக ஒரு வாழ்க்கை முறையே மாறியாக வேண்டும். மாற வசதி இல்லாதவர் சிகிச்சைக்கு ஒத்துழைக்காத நோயாளி ஆகிவிடுகிறார். மாமா வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுப் பீங்கான்மேல் வைத்தார்கள். ஊர்களில் பலர் செய்வது இதைத்தான். எந்த மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டிலும் இது எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

அளவுகோலை மாற்றிப் போட்ட ஒரு முன்னுதாரணம் நம் நாட்டில் இருக்கிறது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினார்கள். மேற்கிலிருந்து வந்த செயற்கைக் கால்களைச் சோதனைகள் குறை சொல்லவில்லை. ஆனால் ஷூ போடாமல் அவற்றில் நடக்க முடியாது, குந்த முடியாது, சம்மணம் போட முடியாது. வாங்கிப்போன விவசாயிகள் அவற்றை மூலையில் சாத்திவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டார்கள். சேத்தியும் சர்மாவும் வயலில் வெறுங்காலோடு நடப்பதையும் குந்துவதையும் தேவைப் பட்டியலில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு ரப்பரைத் தேடினார்கள். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. அது வேறு கட்டுரை.

பிரெஞ்சுத் தத்துவவாதியும் மருத்துவருமான ஜார்ஜ் கங்கியெம் 1943இல் சமர்ப்பித்த ஆய்வு இயல்பு, நோய் என்ற இரண்டையும் பற்றியது. சராசரியோடு ஒத்துப்போவது ஆரோக்கியம் என்பதை அவர் ஏற்கவில்லை. சூழல் மாறும்போது தனக்கான புதிய நெறிகளை உண்டாக்கிக்கொள்ளும் திறனே ஆரோக்கியம், ஒரே நெறிக்குள் அடைபட்டு அதைத் தாண்ட முடியாமல் போவது நோய் என்பது அவருடைய வாதத்தின் சாரம். எனக்கு இது பிடிக்கும், ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த வரையறையின்படி நாற்காலியில் ஓட்டை போட்டவர் ஆரோக்கியமானவர், புது நெறியை உண்டாக்கிவிட்டாரே. 'சமாளித்துக்கொள்கிறார்கள், எளிய மக்களின் மன உறுதியே தனி' என்று அரசாங்கமும் கம்பெனியும் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. சமாளிப்பதையே ஆரோக்கியம் என்று வைத்தால், சமாளிக்கத் தள்ளியவர்களுக்குப் பொறுப்பில்லாமல் போகிறது. அம்மாவின் கேள்வி இங்கே கங்கியெமைவிடக் கறாரானது. முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை, அதைக் கணக்கில் வை என்கிறது அது.

கணக்கில் வைக்கும் வேலையைச் சட்டம் ஒருவிதமாகச் செய்கிறது. 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. உடம்பு ஒரு விலைப்பட்டியல். அந்தச் சட்டத்தை 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு உள்வாங்கிக்கொண்டது. உடைந்து கூடிய முட்டிச்சில்லுக்கு அட்டவணையில் வரி கிடையாது, மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியல் மனப்பான்மையை நீதிமன்றங்களே கேள்வி கேட்டிருக்கின்றன. ஒரு கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சுவேலை நடக்காது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்று 1975இல் முடிவு செய்தது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதை இன்னும் விரித்தார்கள். உறுப்பின் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. ஒரே கை போனாலும் ஓட்டுநருக்கு ஒரு கணக்கு, எழுத்தருக்கு வேறு கணக்கு. லிஸ்டரின் மேசையில் இருந்த அதே கேள்வி.

ஆனால் சம்பாதிப்பது என்ற ஒற்றை அளவுக்குள் வந்ததும் மாமா மறுபடி காணாமல் போகிறார். தொழிற்சாலையில் அவர் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கிறார். அந்த இயந்திரத்தின் முன்னால் அவர் முழு மனிதன், சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. நஷ்டமெல்லாம் வயலிலும் கழிப்பறையிலும் எழவு வீட்டிலும்தான். அங்கே சம்பளம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும் பணிக்காயமாகக் கருத இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் இடம் தரப்பட்டது. தற்காலிக ஊனக் காலத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர், "பைக்ல விழுந்தது உன் சொந்த விசயம்பா" என்றார். அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டவே ஒரு மாதம் போனது. அதை நீட்டி எழுத விருப்பமில்லை. எழுதினால் கட்டுரை முழுதும் அதுவாகிவிடும்.

விழுந்த அன்றே அவருடைய அண்ணன் சொன்னது, "புத்தூர் போயிடலாம்." ஆந்திராவின் புத்தூருக்குப் பக்கத்தில் ராஜு குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் எலும்பு வைத்தியம் தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் தப்பை, துணி. படித்தவர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. விலகாத முறிவை நேராகக் கட்டி அசையாமல் வைத்தால் கூடும் என்பது மருத்துவமும் ஒப்புக்கொள்வது. விலகாத முட்டிச்சில்லுக்கு மருத்துவமனையும் காலை நீட்டிக் கட்டித்தான் அனுப்புகிறது. ஊருக்குத் தெரிந்த வெற்றிக்கதைகள் பொய்யில்லை. சிக்கல், எது விலகியது எது விலகாதது என்று பிரிப்பதில் இருக்கிறது. படுத்தபடி காலை மடக்காமல் தூக்கச் சொல்வார்கள். தூக்க முடியாவிட்டால் இழுவைத் தொடர் அறுந்திருக்கிறது, வெளிக்கட்டு அதைச் சேர்க்காது. மாமாவால் தூக்க முடியவில்லை. அதனால் மருத்துவமனை. புத்தூர்க்காரர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். கட்டுப் போட்டு அனுப்பும்போது எத்தனை நாள் எப்படிப் படுக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று கூட வந்தவரிடம் சொல்லுகிறார்கள். நோயாளியின் வீடு அவர்கள் கணக்கில் இருக்கிறது.

மருத்துவமனையில் செய்தது இழுவிசைக் கம்பிக் கட்டு. பொறியியல் படித்தவன் பார்த்தால் பிரமிப்பான். இரண்டு நேர்க்கம்பிகளைச் சில்லின் ஊடாக மேலிருந்து கீழாகச் செருகி, எட்டு வடிவில் இன்னொரு கம்பியை முன்பக்கமாகச் சுற்றி இறுக்குவார்கள். முட்டி மடங்கும்போது முன்பக்கம் பிரிய முயலும் விசையைக் கம்பி தடுக்கிறது, அந்த விசையே பின்பக்கத்தில் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது என்பது பாடநூல் விளக்கம். பிரிக்கும் விசையையே சேர்க்கும் விசையாகத் திருப்பிவிடுவது. ஆகவே காலை மடக்க வேண்டும், வலித்தாலும், கொஞ்சம் கொஞ்சமாக. வலி சிகிச்சையின் பகுதி என்று சொல்லும்போது கவனமும் தேவை. 'வலியில்லாமல் எதுவும் வராது' என்பது வலிக்காதவர்களின் வாயில் சுலபமாக வரும். பிசியோதெரபிஸ்ட் காலைப் பிடித்து மடக்கும்போது மாமா கத்திய கத்தல், தெருமுனைக் கடைவரை கேட்டது.

அந்தப் பயிற்சியைத் தினமும் மூன்று வேளை செய்ய வைத்தது அத்தை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது, நல்ல திட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு. மாமாவுக்கு அப்படி ஒருவர் வந்தார், நல்ல பெண். அவர் பார்க்க வேண்டிய ஊர்கள் பல, தினம் வர முடியாது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கும் எலும்பு கூடும் பன்னிரண்டு வாரத்துக்கும் நடுவில் இருக்கும் காலத்தை யார் தாங்குகிறார்கள்?

நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று மாணவர் கேட்டதற்கு, மானுடவியலாளர் மார்கரெட் மீட் 'முறிந்து கூடிய தொடையெலும்பு' என்றாராம். வாட்ஸ்அப்பில் இந்தக் கதை வராத ஆளில்லை. மீடின் எழுத்துகளில் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பால் பிராண்டும் பிலிப் யான்சியும் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஒரு நூலில் இது இருக்கிறது. பிராண்ட் நம் ஆள் என்றே சொல்லலாம், கொல்லிமலையில் பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தவர். கதையின் உட்பொருள், கூடிய எலும்பு இருந்தால் யாரோ கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்பது. அறிவியல்படி இது முழுக்கச் சரியில்லை. அடால்ஃப் ஷுல்ட்ஸ் காட்டுக் கிப்பன்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது முறிந்து கூடிய எலும்புகள் கணிசமாகக் கிடைத்தன. பார்த்துக்கொள்ள ஆளில்லாமலும் எலும்பு கூடும்.

எனக்கு அந்தக் கதையைவிடக் குறளின் மருந்து அதிகாரம் நேராகப் பேசுவதாகத் தோன்றுகிறது. மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்று வள்ளுவர் வகுக்கும்போது நோயுற்றவரை முதலில் வைக்கிறார், அடுத்துத் தீர்ப்பவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். சரக சம்ஹிதையிலும் இதே நால்வர் உண்டு, அங்கே மருத்துவர் முதலில். இரண்டு வரிசையிலும் பார்த்துக்கொள்பவர் தனிக் கூறு. நம் மருத்துவமனைகளில் அவருக்கு இருப்பது ஒரு அட்டெண்டர் பாஸ், படுக்கத் தரை. அத்தை பன்னிரண்டு வாரம் நூறு நாள் வேலைக்குப் போகவில்லை, பூந்தோட்டக் கூலிக்கும் போகவில்லை. மாமாவைக் கழிப்பறைக்குத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை. "எனக்கு இன்னா, நான் நல்லாதான் இருக்கேன்" என்பார். இதையும் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்வதா? தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் உரிமை அவரவருக்கே என்று நான் தொடக்கத்தில் தயங்கிய பதில் இங்கேதான் உடைகிறது. தான் நோயாளி ஆகிவிட்டால் வீடு ஓடாது என்று தெரிந்தவர் சொல்லும் 'நல்லாதான் இருக்கேன்' மருத்துவத் தகவல் அல்ல. அதே காரணத்தால் மாமாவும் கம்பெனி மருத்துவரிடம், "வலியே இல்லை சார்" என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கினார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது.

இப்போது இன்னொரு முடிவு நிலுவையில் இருக்கிறது. முட்டியை ஊன்றும்போது கம்பியின் முனை தோலுக்கடியில் குத்துகிறது. இது பரவலாக வரும் தொந்தரவுதான், எலும்பு நன்றாகக் கூடியபின் சின்ன அறுவையில் கம்பியை எடுத்துவிடலாம், மடங்குவதும் சில பாகை கூடலாம் என்கிறார் டாக்டர். கூடலாம், உறுதியில்லை. பதினைந்து நாள் லீவு வேண்டும். அத்தை எடுத்துவிடச் சொல்கிறார். அம்மா, இருந்துவிட்டுப் போகட்டும், கத்தி வேண்டாம் என்கிறார். மாமா ராகி விதைப்பு முடியட்டும் என்கிறார். விதைக்கும் மாதத்தில் குந்த ஆள் வேண்டும், இந்த முறை கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.